முருங்கன் வயலில் மிஞ்சிய புழுக்கள்

மன்னார் மாவட்டத்து முருங்கன் வயல்களில் புழுக்களைக் காப்பாற்றிய பெண் என்று எங்கள் துறையில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறதாம். போன மாதம் புதிதாக நியமனம் பெற்ற கால்நடைப் போதனாசிரியர்கள் இருவர் வீடு தேடி வந்தார்கள். கதிரையில் உட்காருவதற்கு முன்னமே ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"மிஸ், புழு இருக்கிற ஆடுகளை வேணுமெண்டு வயலுக்குள்ள விட்டனீங்களாம். உண்மையோ?"

"ஓம், விட்டனான். இண்டைக்கெண்டாலும் விடுவன்."

பஸ் வந்துவிட்டதால் அவர்களுக்குத் தேத்தண்ணீரோடு பாதிக் கதைதான் கிடைத்தது. போகும்போது, புதிதாக ஒரு குடற்புழு மருந்து வந்திருப்பதாகவும் எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் கொடுத்துப் புழுவை அடியோடு ஒழிக்கப் போவதாகவும் சந்தோஷமாகச் சொன்னார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மீதிக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

நான் மன்னார்த் தீவில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். ஆட்டைக் கறிச்சட்டியில் கண்ட அளவுக்கு உயிரோடு கண்டதில்லை. உயர்தர வகுப்பில் கூர்ப்பு, அதாவது பரிணாமப் பாடம் எடுத்த சிஸ்டர், ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைக் கரும்பலகையில் அழகாகக் கீறினார், மணி அடித்ததும் அழித்துவிட்டார். கூர்ப்பு என்பது எங்கோ ஆபிரிக்காவில், மனிதர் பிறப்பதற்கு முன்னமே நடந்து முடிந்த சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டே நானும் பரீட்சையில் சித்தியடைந்தேன். பிறகு பயிற்சி. ஊசி போடவும், காயடிக்கவும், கன்று ஈனும் மாட்டுக்குக் கை கொடுக்கவும் பழகினேன். ஒரு மாடு உதைத்து முழங்கால் வீங்கியதைத் தவிர அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

உண்மையான படிப்பு டொக்டர் நிலாமிடம் வேலைக்குப் போன பிறகுதான் தொடங்கியது. சிலாவத்துறையில் பிறந்து, இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, மிருக வைத்தியராகத் திரும்பி வந்தவர். மெல்லிய உடம்பு, மெல்லிய குரல். ஆனால் அவருக்கு முன்னால் அறிக்கை சொல்வது லேசான காரியமில்லை. "கண்டது என்ன, தொட்டது என்ன, நினைச்சது என்ன? மூண்டையும் கலக்காமல் சொல்லுங்கோ" என்பார். ஆடு செத்துவிட்டது என்று சொன்னால் அனுதாபப்படுவார்தான், ஆனால் உடனே அடுத்த கேள்வி வரும்: "மிஞ்சினது எது?" செத்ததைப் பற்றி எல்லாரும் கதைப்பார்கள், பதில் மிஞ்சினதிடம்தான் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. நுணுக்குக்காட்டியை வேறு யாரும் துடைக்க விடமாட்டார். தன் கைலேஞ்சியை எடுத்து, குழந்தையின் மூக்கைத் துடைப்பது போலப் பக்குவமாகத் துடைத்த பிறகுதான் குனிந்து பார்ப்பார்.

இனி முருங்கன் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். காலபோகம் என்கிற மாரிக்கால நெல்லின் அரிவுவெட்டு முடிந்ததும் வயல்கள் மேய்ச்சலுக்குத் திறக்கும். அரிதாளுக்கும் வாய்க்கால் ஓரப் புல்லுக்கும் சுற்றுவட்டாரத்து ஆடுகள் எல்லாம் வந்து சேரும். கடற்கரைப் பக்கம் அந்த நேரத்தில் மணலும் உடைமரமும்தான் மிச்சம். ஆகவே வயலுக்குள் இடம் கிடைத்த பட்டி பிழைக்கும். கிடைக்காத பட்டி எலும்பும் தோலுமாகும்.

வாய்க்கால் ஓரப் புல்லில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஆட்டின் வயிற்றில் ஒட்டியிருந்து இரத்தம் குடிக்கிற நூல் மாதிரியான புழு ஒன்று உண்டு. அதன் முட்டை பிழுக்கையோடு விழும், ஈரத்தில் பொரிக்கும், குஞ்சு புல் நுனிக்கு ஏறி அடுத்த ஆட்டின் வாய்க்குக் காத்திருக்கும். புழு அதிகமானால் ஆட்டின் கண் இமையின் உட்புறம் வெளிறிப் போகும், தாடைக்குக் கீழே நீர் கோர்க்கும், ஒருநாள் காலையில் எழும்பாது. ஒரு வருடம் இப்படி நிறைய ஆடுகள் விழுந்ததும் அங்குள்ள கமக்காரர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். வயல் திறக்கும் நாளில் எல்லா ஆட்டுக்கும் வாசலில் வைத்தே புழு மருந்து ஊற்ற வேண்டும். ஊற்றிய ஆட்டின் முதுகில் நீல மை பூசப்படும். நீலம் இல்லாத ஆடு உள்ளே போக முடியாது.

சட்டத்தின் காவலர் சூசைதாசன் அண்ணர். கமக்காரர்களின் தலைவர், நிறைய ஆடுகளும் வைத்திருந்தார். சாதாரணமாகக் கதைத்தாலே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்கும். அவர் ஒரு ஆட்டைக்கூடத் தப்பவிடமாட்டார், தன் ஆடுகளுக்கு இடையில் ஒருமுறை மேலதிகமாகவும் ஊற்றுவார். முதல் சில வருடங்கள் மருந்து அற்புதமாக வேலை செய்தது. நாங்களும் மற்ற ஊர்களுக்குப் போய் முருங்கனைப் பாருங்கோ என்று புகழ்ந்தோம். பிறகு ஆடுகள் மறுபடி விழத் தொடங்கின. முதுகில் நீலம் காயமுன்னமே சில விழுந்தன.

மருந்து போலி என்றார்கள் சிலர். காலாவதியானது என்றார்கள் வேறு சிலர். சூசைதாசன் அண்ணருக்கு மட்டும் சந்தேகமே இருக்கவில்லை, ஆரோ மருந்து ஊற்றாத ஆட்டைக் கொண்டுவருகிறார்கள் என்று ஒரே பிடியாக நின்றார். அந்த நேரம் பார்த்துத்தான் செல்வராணி வந்து சேர்ந்தாள்.

போருக்குத் தப்பிக் குழந்தையாக இராமேஸ்வரத்துக்குப் படகேறி, தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, மகளோடு திரும்பி வந்தவள். புருசனின் பத்திரங்கள் சரிவராமல் அவர் இன்னும் அக்கரையில் இருந்தார். முள்ளிக்குளம் பக்கம் காட்டோரத்தில் குடியேறி, அங்கே மேய்ப்பவர்களிடம் வாங்கிய சில ஆடுகளைப் பெருக்கி ஒரு பட்டி ஆக்கியிருந்தாள். காணி இல்லை, வேறு தொழிலும் இல்லை. அந்த ஆடுகள்தான் எல்லாம். முந்தின வருடம் வயலுக்கு வெளியே, வீதிக்கரையில் மேய்த்துக்கொண்டு திரும்பியிருந்தாள். இந்த முறை இடம் கேட்டு, வழியில் தங்கித் தங்கி நடத்திக் கொண்டுவந்திருந்தாள்.

வயல் திறக்கும் நாள், நானும் வாசலில் மருந்துப் போத்தலோடு நின்றேன். சூசைதாசன் அண்ணர் அவளைக் கேட்டார்.

"பிள்ளை, உன்ர ஆடுகளுக்கு இதுவரைக்கும் பூச்சி மருந்து குடுத்தனியோ?"

"இல்லீங்க ஐயா. எங்க பக்கம் மருந்துன்னு யாரும் வந்ததே இல்லை. இப்ப ஊத்திடுங்க."

பொய் சொல்லியிருந்தால் அவள் உள்ளே போயிருப்பாள். அண்ணர் எல்லாரையும் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டியளோ? ஒருநாளும் குடுக்கேல்லையாம்! போன வருசம் இவ வெளியில மேச்சதாலதான் எங்கட ஆடுகள் சாகுது. இப்ப ஊத்தி என்ன பிரியோசனம்? இந்த ஆடுகள் இந்த மண்ணில கால் வைக்கப்படாது."

எனக்குக் கோபம் வந்தது. என் குணத்துக்கு வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரியாது. "அண்ணர், அவ வீதியில மேச்சவ. உங்கட ஆடு வயலுக்குள்ள மேஞ்சது. புழு என்ன பஸ் ஏறியா உள்ள வந்தது?" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள், ஆனால் வாசல் திறக்கவில்லை. செல்வராணி ஆடுகளைத் திருப்பி, வீதிக்கரையில் ஒரு தறப்பாளைக் கட்டிக்கொண்டு இருந்தாள். திரும்பிப் போனால் வழியிலேயே பாதி ஆடு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே இருந்த புல் கொஞ்ச நாளைக்குத்தான் காணும் என்பதும் தெரியும்.

டொக்டரிடம் போய்ச் சொன்னேன். நினைச்சதை முதலில் சொல்லிவிட்டேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கண்டதை மறுபடி சொல்ல வைத்தார். செல்வராணியின் ஆடுகளின் இமையைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்திருந்தேன். மெலிவுதான், ஆனால் இமை சிவப்பு. அண்ணரின் ஆடுகள்? கொழுப்பு இருந்தது, பல ஆட்டின் இமை கடதாசி நிறம்.

"அப்ப ரெண்டு பட்டியையும் சோதிப்பம்," என்றார்.

சூசைதாசன் அண்ணர் உடனே சம்மதித்தார். "நல்லாச் சோதியுங்கோ டொக்டர். ஆர் குற்றவாளி எண்டு ஊருக்குத் தெரியட்டும்" என்று தன் ஆடுகளைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பட்டியிலும் சில ஆடுகளைப் பிரித்து எங்கள் கந்தோர் வளவில் கட்டினோம். இந்தச் சோதனையைப் புதிய பிள்ளைகள் செய்வதைப் பார்க்கிறேன், அவசரப்படுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிலத்தில் கிடக்கும் பிழுக்கையைப் பொறுக்கக்கூடாது, கையுறை போட்டு ஆட்டிடமிருந்தே நேராக எடுக்க வேண்டும். எந்த ஆட்டினுடையது என்று அந்த இடத்திலேயே குறிக்க வேண்டும். உப்புக் கரையாமல் அடியில் தங்கும்வரை தண்ணீரில் உப்பைப் போட்டு அதில் பிழுக்கையைக் கரைக்க வேண்டும். உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, உப்பளத்து உப்பையே பாவித்தோம். தேத்தண்ணீர் வடியில் வடித்து, கோடு போட்ட கண்ணாடியில் ஊற்றி, ஆறவிட வேண்டும். முட்டை பாரமில்லாதது, உப்புத் தண்ணீரில் மேலே மிதந்து வரும். அப்போது எண்ணலாம்.

இரண்டு பட்டியிலும் முட்டை இருந்தது, எண்ணிக் குறித்துக்கொண்டோம். பிறகு ஆட்டைத் தராசில் நிறுத்து, நிறைக்கு ஏற்ற மருந்தை நாக்கின் பின்பக்கம் ஊற்றினோம். டொக்டர் ஒரே போத்தலை இரண்டு பட்டிக்கும் பாவித்தார். அண்ணரைக் கூப்பிட்டு மூடியை அவர் கையாலேயே திறக்கச் சொன்னார். போலி மருந்து என்ற கதைக்கு அதோடு இடமில்லாமல் போனது.

இரண்டு கிழமை கழித்து அதே ஆடுகளிடம் மறுபடி எடுத்துப் பார்த்தோம். செல்வராணியின் ஆடுகளின் கண்ணாடியை நான் மூலைக்கு மூலை தேடினேன், முட்டையே இல்லை. அண்ணரின் ஆடுகளின் கண்ணாடியை வைத்தேன். மருந்து ஊற்றாதது போல முட்டைகள் கிடந்தன. டொக்டர் கைலேஞ்சியால் வில்லையைத் துடைத்து, குனிந்து, நேரம் எடுத்துப் பார்த்தார்.

"மருந்தே காணாத புழு மருந்துக்குச் செத்துப்போச்சு. வருசா வருசம் மருந்து கண்ட புழு சாகேல்ல. விளங்குதா மிஸ்?"

"புழு மருந்துக்குப் பழகிப்போச்சுது டொக்டர்."

அவர் குரல் உயர்ந்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "ஒரு புழுவும் பழகேல்ல! பழகுறதுக்கு அதுக்கு எங்க நேரம்? சாகக்கூடினது செத்தது. ஆயிரத்துல ஒண்டு பிறக்கேக்கையே மருந்தைத் தாங்கும். மருந்து அதை உண்டாக்கேல்ல, மத்ததுகளைத் துடைச்சு அதுக்கு இடம் விட்டுக் குடுத்தது. அது போட்ட குஞ்சும் தாயைப் போலத் தாங்கும். இதுக்குப் பேர்தான் மிஸ் இயற்கைத் தேர்வு."

சிஸ்டர் கீறிய ஒட்டகச்சிவிங்கி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதுவும் கழுத்தை நீட்டி நீட்டிப் பழகவில்லை. எட்டாதவை போக, எட்டியவை மிஞ்சின. கோடிக்கணக்கான வருடம் வேண்டும் என்று நான் நினைத்திருந்த காரியம் முருங்கன் வயலில் சில அரிவுவெட்டுக்குள் நடந்து முடிந்திருந்தது. நானும் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன்.

கமக்காரர்களை நெற் களஞ்சியத்தில் கூட்டினோம். செல்வராணியும் வந்து கதவோரம் நின்றாள். டொக்டர் முடிவைச் சொன்னார். சபையில் பாதிக்கு விளங்கவில்லை, மீதிக்கு நம்பிக்கையில்லை. நான் எழும்பினேன்.

"எங்கட ஐயா கடலுக்குப் போறவர். வலைக் கண்ணுக்குள்ளால தப்புற மீன்தானே கடலில முட்டை போடும்? வருசா வருசம் ஒரே வலையைப் போட்டால் கடைசியில என்ன மீன் மிஞ்சும்? அந்த வலையில அகப்படாத மீன்தான். நீங்கள் போட்ட வலை மருந்து. எல்லா ஆட்டுக்கும் ஊத்தினீங்கள், அதே கையோட வயலுக்குள்ள விட்டீங்கள். அண்டைக்கு ஆட்டுக்குள்ள உயிரோட இருந்தது தப்பின புழு மட்டும்தான். புல் முழுக்க அதுகளின்ர குஞ்சைத்தான் விதைச்சிருக்கு. மருந்துக்குச் சாகிற புழு இந்த வயலில ஆரிட்டையும் இல்லை, செல்வராணியிட்ட மட்டும்தான் இருக்குது."

டொக்டர் திட்டத்தைச் சொன்னார். அவரிடம் வேறு வகை மருந்து கொஞ்சம் இருந்தது. அதை இமை வெளிறிய ஆட்டுக்கு மட்டும் கொடுப்பது, சிவந்த இமை உள்ள ஆட்டை மருந்தில்லாமல் விடுவது. செல்வராணியின் ஆடுகளை மருந்து ஊற்றாமல் இப்போதே உள்ளே விட வேண்டும், அடுத்த வருடத்திலிருந்து வயல் திறந்ததும் அவைதான் முதலில் போக வேண்டும். அவற்றின் சாகக்கூடிய புழுக்கள் புல்லில் பரவி, சாகாத புழுவோடு கலந்து, அதன் பங்கைக் குறைக்க வேண்டும். ஒரு வருடத்தில் நடக்காது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை.

சூசைதாசன் அண்ணர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "டொக்டர், நீங்கள் எங்களைப் புழு வளக்கச் சொல்லுறியளோ?"

"இவ்வளவு வருசமும் வளத்தனீங்கள்தானே அண்ணர்," என்றேன் நான். "நல்ல இனமாப் பாத்து, பொறுக்கியெடுத்து வளத்தனீங்கள்."

அண்ணர் என்னை முறைத்தார். பிறகு மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று காலையிலும் அவருடைய ஒரு சினை ஆடு எழும்பவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மருந்தை ஒழுங்காக ஊற்றிய மனுசன், ஊரில் அவரைவிட ஒழுங்காக ஊற்றியவர் இல்லை. அவருக்காக எனக்கு மனம் நொந்தது, ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

ஆனால் முடிவு அவருடைய கையில் இருக்கவில்லை. கதவோரம் நின்றவளை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் டொக்டரைத்தான் கேட்டாள்.

"சார், என் ஆடு உள்ள போனா அந்தச் சாகாத புழு என் ஆட்டுக்கும் வந்திருமா?"

டொக்டர் என்னைப் பார்த்தார். சொல்லுங்கோ என்று தலையசைத்தார்.

"வரும், கொஞ்சம் வரும்," என்றேன். "நாங்கள் ஒவ்வொரு மாதமும் இமை பார்ப்பம். வெளிறினால் புது மருந்து உன்ர ஆட்டுக்குத்தான் முதல். அதுக்கு நான் பொறுப்பு. ஆனால் ஒண்டும் வராது எண்டு பொய் சொல்லமாட்டன்."

அவள் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னாள். "வெளிய நின்னாப் பட்டினில சாகும், உள்ள போனாப் புழுவுல சாகலாம். உள்ளயே போறேன். ஆனா இந்த வருசத்துக்கு மட்டும்னு கூப்பிட்டா வரமாட்டேன். எப்பவுமே எனக்கு இடம் வேணும். ஐயா வாயால சொல்லணும். வாசல்ல எல்லார் முன்னாலயும் என்னை விரட்டுனாங்க. அதே வாசல்ல வெச்சு எல்லார் முன்னாலயும் சொல்லட்டும்."

மறுநாள் சூசைதாசன் அண்ணர் வாசலில் நின்று சொன்னார். அவருக்கே உரிய குரலில்தான் சொன்னார், வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் கேட்டது. தறப்பாளைக் கழற்றிக்கொண்டு ஆடுகளோடு அவள் உள்ளே போனாள். சோதனைக்கு எடுத்த ஆடுகளைத் தவிர மற்றவை எல்லாம் மருந்து காணாதவை. அதுவே எங்களுக்குப் போதும்.

அடுத்து வந்த வருடங்களை நான் இமைகளிலேயே கழித்தேன். மோட்டார் சைக்கிளை நிறுத்துவேன், ஆட்டின் தலையைக் கைக்குள் அணைப்பேன், கட்டைவிரலால் கீழ் இமையைத் தாழ்த்துவேன். சிவப்பென்றால் விடு, வெளிறல் என்றால் ஊற்று. செல்வராணியின் ஆடுகளில் சிலதும் வெளிறின, இரண்டு செத்தன. அவள் அழுதாள், என்னை ஏசவும் செய்தாள், நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அவள் பட்டி அழியவில்லை. மருந்தே தேவைப்படாமல் சிவந்த இமையோடு நின்ற ஆடுகளின் குட்டிகளையே பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டாள். தேர்வு என்பது புழுவுக்கு மட்டும் உரியதில்லையே. சில வருடம் கழித்துப் பழைய மருந்தை அண்ணரின் ஆடுகளில் மறுபடி சோதித்தோம். முட்டைகள் முழுதாக மறையவில்லை, ஆனால் முன்போல் இல்லை, பெரும்பகுதி இல்லாமல் போயிருந்தது. டொக்டர் நிலாம் அன்று நுணுக்குக்காட்டியைத் துடைக்க என்னை விட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின அரிவுவெட்டுக்கும் வாசலுக்குப் போனேன். வெயில் ஏறிவிட்டது. ஊர் ஆடுகள் எல்லாம் வேலிக்கு வெளியே நெருக்கியடித்துக் கத்திக்கொண்டு நின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் புல் பச்சையாகத் தெரிந்தது. ஒரு ஆடுகூட உள்ளே விடப்படவில்லை. செல்வராணி இன்னும் வரவில்லை. ஒரு பொடியன் பொறுமையிழந்து வாசலை அடைத்திருந்த கடப்புக் கட்டையை இழுத்தபோது சூசைதாசன் அண்ணர் போட்ட சத்தத்தில் அவன் கட்டையை அப்படியே விட்டான். பிறகு அண்ணர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கத்தினார்.

"பிள்ளை, எங்க நிக்கிறாய்? ஊர் முழுக்க உனக்காகத்தான் காத்துக்கொண்டு நிக்குது!"

வழியில் ஒரு ஆடு குட்டி போட்டுவிட்டதாம். தாய் நக்கி முடித்து, குட்டி எழும்பிப் பால் குடிக்கும்வரை நகரமாட்டேன் என்று சொன்னாளாம்.

அண்ணர் போனை மடிக்குள் செருகினார். எங்களைப் பார்த்தார். "அவ ஆறுதலா வரட்டும்," என்றார்.

நாங்கள் எல்லாரும் வெயிலில் காத்து நின்றோம்.